காருக்குப் பின்னால் நின்ற வீடு

பெங்களூர்த் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும், அல்சூர், பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், லாங்ஃபோர்டு டவுன் பக்கம் இன்னும் பழைய பங்களாக்களில் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படம் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். கெட்டி அட்டையில் ஒட்டியது, ஒரு மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. நடுவில் ஒரு கார் நிற்கிறது. அப்போதுதான் வாங்கிய கார். அதற்காகத்தான் போட்டோக்காரரையே வரவழைத்திருக்கிறார்கள். காரின் பக்கத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்கார டாக்டர் துரை, அவர் மனைவி, மட்கார்டு மேல் உட்கார்ந்து சிரிக்கும் அவர்களுடைய சின்னப் பையன். படத்தின் இடது ஓரத்தில் பாட்டி பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். இடுப்பில் என் அத்தை, கைக்குழந்தை. அத்தை பிறந்தது 1941 என்பதால் படம் எந்த வருஷம் எடுத்தது என்று ஓரளவு சொல்ல முடிகிறது. வலது ஓரத்தில் கேட்டுத் தூணை ஒட்டி, இரும்புக் கதவில் ஒரு கையை வைத்தபடி தலைப்பாகையோடு நிற்பவர் என் தாத்தா. அந்த பங்களாவின் மாலி, அதாவது தோட்டக்காரர், அவர். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறி வந்தவர். 1864 இல் திறந்த தடம் அது. உங்களில் பாதிப் பேருடைய தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ அதே தடத்தில்தான் தண்டு (கன்டோன்மென்ட்) ஸ்டேஷனில் வந்து இறங்கியிருப்பார்.

என் அப்பா படத்தில் இல்லை. அவருக்கு அப்போது நாலு வயசு. காருக்குள் உட்கார விடவில்லை என்று போட்டோக்காரருக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாராம். அந்தப் படத்தை எடுக்கும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்வார்.

காரின் கூரைக்கு மேலே, எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் மங்கலாக வீடு தெரிகிறது. அதைப் படம் எடுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. வாசலுக்கு மேலே முன்னால் நீண்ட முக்கோண முகப்பு, அதன் உச்சியில் கடைந்து வைத்த மரக்கூம்பு. இடது பக்கம் இரண்டு ஜன்னல், ஒவ்வொன்றின் மேலும் அதே முக்கோணத்தின் சின்ன உருவம். ஓட்டுக்கூரை, அதற்கு மேல் ஒரு புகைபோக்கி. வலது பாதியைச் சம்பங்கி மரம் மறைத்துவிட்டது. எங்களிடம் இருக்கும் ஒரே படம் இது. வீடு இப்போது இல்லை.

அந்த முக்கோண முகப்புக்கு மங்கி டாப் என்று பெயர். பெங்களூர் பங்களாவுக்கே உரியது. மேலே குரங்குகள் உட்காருவதால் அந்தப் பெயர் என்பார்கள், குரங்கு உள்ளே வராமல் தடுப்பதற்காக வைத்தது என்றும் சொல்வார்கள். எது சரியோ, அதன் வேலை மட்டும் சந்தேகமில்லாதது. வெயிலும் சாரலும் ஜன்னலுக்குள் அடிக்காது, காற்று மட்டும் பலகைகளின் இடுக்கு வழியே உள்ளே போகும். 1809 இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வெள்ளைக்காரப் படை இங்கே வந்த பிறகு உருவான ஊர் தண்டு. விக்டோரியா காலம் முழுக்க இங்கே பங்களாக்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. முகப்பு வடிவம் சீமையிலிருந்து வந்திருக்கலாம். பலகையை இழைத்து, நுனியைக் கூராக்கி, சட்டத்தில் கோத்தது நம் ஊர் ஆசாரிகள். சுண்ணாம்பு அரைத்துச் சுவர் எழுப்பிய கைகளில் வடாற்காட்டுக் கைகள் நிறைய. இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1868 இல் கட்டி முடித்தது. கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873 இல் அவர் தொடங்கிய பள்ளியும் இன்றுவரை நடக்கிறது. 1980களில் அட்டாரா கச்சேரியை இடிக்கப் பார்த்தபோது ஊர் மக்கள் குரல் எழுப்பினார்கள், வழக்குப் போட்டார்கள், கட்டடம் தப்பியது. பெரிய கட்டடத்துக்கு அப்படிக் குரல் எழும்புகிறது. தெருவுக்குள் இருக்கும் பங்களாவுக்கு யார் குரல் கொடுப்பார்கள்?

என்னிடம் படத்தைத் தவிர இன்னொரு பொருளும் இருக்கிறது. அந்த வீட்டு மங்கி டாப்பின் ஒரு பலகை. ஒரு முழ நீளம், மூன்று விரல் அகலம், நுனி வேல் போலக் கூராக இருக்கும். மேலே கரும்பச்சை பெயின்ட். விளிம்பில் பெயின்ட் உரிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். கரும்பச்சைக்குக் கீழே இளம்பச்சை, அதற்குக் கீழே கொஞ்சம் தடிப்பாகக் க்ரீம் கலர், அப்புறம் செம்பழுப்பில் ஓர் அடிப்பூச்சு, கடைசியில் தேக்கு. எனக்கு நினைவு தெரிந்து அந்த முகப்பு எப்போதும் கரும்பச்சைதான். அப்பாவோ, "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அது க்ரீம் கலர்டா" என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் நம்பியதில்லை. படத்தில் அந்தப் பலகைகள் சுவரைப் போலவே வெளிறித்தான் தெரிகின்றன. கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது. ஆனால் கரும்பச்சையாக இருந்திருந்தால் கறுத்துத் தெரிந்திருக்கும். பலகையின் மூன்றாவது அடுக்கையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் அப்பா சொன்னது சரி என்று எனக்குப் புரிந்தது. அவர் போய் அதற்குள் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வீட்டின் கதையை ரொம்ப நீட்ட வேண்டாம். 1947 ஜூலையில் வெள்ளைக்காரர்கள் தண்டுப் பகுதியை மைசூரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். டாக்டர் குடும்பமும் அந்த வருஷமே கப்பலேறிவிட்டது. போகும்போது அந்த அம்மா தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போன பிரதிதான் இந்தப் படம். வீட்டை வாங்கியது ஒரு தமிழ் வியாபாரக் குடும்பம். தாத்தாவை அவர்கள் வேலையிலிருந்து அனுப்பவில்லை. பின்பக்கத்து அவுட்ஹவுஸில் அப்பாவும் அத்தையும் வளர்ந்தார்கள், அப்புறம் நானும் அக்காவும். வீட்டுக்காரர் காலமானதும் ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் வெளிநாட்டில். மழைக்காலத்தில் நாலு அறை ஒழுகும். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. 1996 இல் விற்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் விற்றிருப்பேன்.

ஆனால் இடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பங்களா ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் கதவும் ஜன்னலும் போகும். பழைய மரம் வாங்குகிற வியாபாரி வந்து விலை பேசி, சட்டத்தோடு பெயர்த்து லாரியில் ஏற்றுவார். அப்புறம் கூரையில் ஆள் ஏறி ஓட்டை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். ஓட்டுக்கு மறுவிற்பனை உண்டு. அப்படி இறக்கி அடுக்கியதில் ஒன்றை அப்பா திருப்பிப் பார்த்தார். அடியில் பாசல் மிஷன் முத்திரை இருந்தது. மங்களூரில் அந்த மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865 இல். அப்படியானால் அந்தக் கூரை போட்டது அதற்குப் பிறகுதான். வீட்டின் வயசைப் பற்றி எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஓடுதான். அதையும் அன்றைக்கே விற்றுவிட்டார்கள். கடைசியில்தான் சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் சிமென்ட் சுவர் மாதிரி கட்டி கட்டியாக உடையாது, தட்டினால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகச் சுரண்டிச் சுத்தம் செய்து அடுக்கினார்கள். அந்தக் கல்லும் விலை போனது. பதினெட்டு நாளில் தரை மட்டும் மிச்சம். சிவப்பு ஆக்சைடு பூசிய தரை, மேலே வானம். அக்கா அதில் வெறுங்காலோடு ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள். மங்கி டாப்பை யாரும் வாங்கவில்லை. அதைப் பிரித்து மேஸ்திரி அடுப்புக்குப் போட்டார். அதிலிருந்து அப்பா எடுத்து வந்ததுதான் இந்தப் பலகை.

பதினெட்டு நாள். எங்கள் வீட்டில் கேமரா இருந்தது. ஒரு படம்கூட எடுக்கத் தோன்றவில்லை.

இது என் மனசை விட்டுப் போகாத விஷயம். வீட்டின் வலது பக்கம், சம்பங்கி மரம் மறைத்த பக்கம், ஜன்னல் ஒன்றா இரண்டா என்று எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை தகராறு. நான் இரண்டு என்கிறேன். ஒன்றுதான், அது பெரிசு என்கிறாள் அவள். இருபது முப்பது வருஷம் அந்த வீட்டைச் சுற்றி ஓடி விளையாடியவர்கள் நாங்கள். எங்கள் கதியே இது என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

இது ஒரு வீட்டின் கதை மட்டுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ரெசிடென்சி ரோட்டில் விக்டோரியா ஓட்டல் இருந்த பெரிய மரத்தோட்டத்தில் பிறகு எழும்பியது ஒரு ஷாப்பிங் மால். வின்ஸ்டன் சர்ச்சில் இளம் குதிரைப்படை அதிகாரியாக 1896 இல் இங்கே வந்து இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு பங்களாவில் குடியிருந்தார். ரோஜாத் தோட்டம் போட்டார், பட்டாம்பூச்சி சேகரித்தார். பெங்களூர் கிளப்பில் அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கி பேரேட்டில் பத்திரமாக இருக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். அவர் இருந்த வீடோ இல்லை. எந்த இடத்தில் இருந்தது என்பதில்கூட ஆளுக்கு ஒரு பேச்சு. உலகம் அறிந்த ஒருவர் வாழ்ந்த வீட்டுக்கே அந்த நிலை. அதன் அவுட்ஹவுஸில் குடியிருந்த சமையல்காரர், குதிரைக்காரர், மாலி, தண்ணீர் சுமந்தவர் பற்றி எந்தப் பேரேட்டில் தேடுவது?

பாலப்ரூயி போன்ற அரசாங்க பங்களாவுக்கு ஆபத்து என்றால் பத்திரிகையில் வருகிறது, ஆட்கள் கூடுகிறார்கள். நல்லதுதான், கூட வேண்டும். நான் பேசுவது தனியார் வீடுகளைப் பற்றி. அவற்றை இடிக்காதே என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. பங்கு பிரிக்க வேண்டிய குடும்பத்திடம் போய்ப் பாரம்பரியம் பேசுவது நியாயமில்லை. பம்பாயில் 1995 இலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. வைத்துக் காப்பாற்றும் சொந்தக்காரருக்கு ஏதாவது கைக்குக் கிடைக்கிற ஏற்பாடு இருந்தால்தான் வீடு நிற்கும். அது அரசாங்கத்தோடு பேச வேண்டிய பேச்சு. அதற்கு நாளாகும். அதுவரை வாரத்துக்கு வாரம் ஓடு இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம்.

பழைய பங்களாவில் இருப்பவர்களே, நீங்கள் விற்க முடிவு செய்துவிட்டால், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் மட்டும் ஒதுக்குங்கள். வீட்டை நாலு பக்கமும் நேராக நின்று படம் எடுங்கள். வாசலில் குடும்பமாக நின்று எடுப்பதையும் எடுங்கள், அப்புறம் எல்லோரும் விலகி நின்று வீட்டை மட்டும் ஒருமுறை எடுங்கள். மங்கி டாப்பைக் கிட்டத்தில் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு டேப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும். தரை, கதவுத் தாழ்ப்பாள், ஓட்டின் அடியில் இருக்கும் முத்திரை, கிணறு, எல்லாம் வரட்டும். பின்பக்கத்து அவுட்ஹவுஸை மறந்துவிடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பெரிய வீட்டையாவது யாராவது எப்போதாவது படம் எடுத்திருப்பார்கள். நாங்கள் பிறந்து வளர்ந்த அந்த ஓட்டு அறைகளுக்கு ஒரு படமும் கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று, புகையில் கறுத்த அடுப்பங்கரை ஒன்று, அதில் இரண்டு தலைமுறை. ஆரம்பத்தில் அது எப்படி இருந்தது என்று அப்பா இருந்தவரை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

அவுட்ஹவுஸிலிருந்து வந்த எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பங்களா படம் நம்மிடம் ஏது என்று நினைக்காதீர்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு, காது குத்துக்கு, பட்டாளத்துக்குப் போகிற பையனுக்கு என்று எடுத்த படம் இருக்கும். முகங்களைப் பார்த்த பிறகு அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தூண், ஒரு ஜன்னல் ஓரம், மரப்பின்னல் தட்டி, பாதிப் படிக்கட்டு. உங்கள் படத்தில் இருக்கும் பாதி ஜன்னலும் வேறொருவர் படத்தில் இருக்கும் மீதியும் சேர்ந்தால் ஒரு வீடு திரும்பக் கிடைக்கும். படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். லேமினேட் செய்தால் திரும்ப எடுக்க முடியாது, படமும் அதோடு போய்விடும். பெயர் எழுதுவதானால் பின்பக்கம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். முக்கியமாக, படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

தமிழ்ச் சங்க நிர்வாகிகளே, அந்த ஞாயிற்றுக்கிழமை இதற்குத்தான். அண்ணாசாமி முதலியார் ரோட்டில் இருக்கும் உங்கள் கட்டடம் தண்டுத் தமிழர்கள் எல்லோருக்கும் வழி தெரிந்த இடம். ஒரு நாள் ஒரு கூடத்தைத் திறந்துவிடுங்கள். படம் வைத்திருப்பவர்கள் கொண்டுவரட்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் ஸ்கேனரோடு உட்கார்ந்தால் போதும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பிடித்துவிட்டு மூலப் படத்தை அப்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். தெரு, வீடு, படத்தில் இருப்பவர்கள், எடுத்த வருஷம், சொன்னவர் பெயர் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அந்த நோட்டு உங்கள் நூலகத்தில் இருக்கட்டும். ஸ்கேனரும் நோட்டும் என் செலவு. காலையிலிருந்து சாயந்திரம் வரை நானும் உட்காருகிறேன், அக்காவும் வருவாள். கன்னடக்காரர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், உருது பேசுகிறவர்கள் யார் வந்தாலும் வரவேற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த வீடுகளில் எல்லோரும்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு என் படத்தையும் பலகையையும் கொண்டுவருவேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. தாத்தா நிற்கிற கேட்டுத் தூணில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. அதில் வீட்டின் பெயர் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. தாத்தாவின் தலைப்பாகை முதல் பாதியை மறைத்துவிட்டது. "டேல்" என்று முடிவது மட்டும் படிக்க முடிகிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது, எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே, அந்தத் தூண்களை எடுத்துவிட்டார்கள். தாத்தாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் அதை எப்போதும் டாக்டர் பங்களா என்றுதான் சொன்னோம். தாத்தா முப்பத்தைந்து வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தோட்டம் இருந்த வீட்டின் பெயர் எங்களுக்குத் தெரியாது.

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவிலிருந்து நடக்கிற தூரம். வாசலில் சம்பங்கி மரம், இரண்டு பக்கமும் கல்தூண், இரும்பு கேட். அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், பால் ஊற்றினவர்கள், தபால் கொடுத்தவர்கள் வீட்டில் யாருக்காவது அந்தக் கல்லில் இருந்த பெயர் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெயரின் முதல் பாதி தெரிகிற மாதிரி யாரிடமாவது ஒரு படம் இருக்கிறதா?

அன்புடன்,
டாக்டர் பங்களா மாலியின் பேரன்,
அல்சூர், பெங்களூர்